எதற்கும் இணைக்காத பிரேக்

“…எதுக்கும் கனெக்‌ஷன் கிடையாது சார். ஒயர் இல்ல, கேபிள் இல்ல, சும்மா ஒரு பலகையில ஸ்க்ரூ போட்டு வெச்சிருக்கு. அது இவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் மிதிக்கிறாங்க. மிதிச்சா கப்பல் நிக்குது. நான் இன்னா பண்றது?”

கலாவதி மேடம் இதைச் சொன்னது என்னிடம் அல்ல. கடல் தாண்டி இருந்த, எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளரிடம். வீடியோ அழைப்பில். அதுவும் மேசைக்கு அடியிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்து, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த அந்த அம்மா எந்த மொழியில் பேசினாலும் ஜீவனஹள்ளிக்காரனான எனக்குத் தமிழாகத்தான் கேட்கும். அதனால் கேட்டபடியே எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் கேம்களைச் சோதிக்கும் இந்த வேலைக்குப் புதிது. ஓய்வு பெற்றவனைப் பிடித்து உட்காரவைத்து, “அனுபவத்தைச் சொல்லுங்க” என்கிறீர்கள். நான் கல்லூரியில் படித்துவிட்டு இதற்குள் வந்தவன் இல்லை. வீடியோ கேம் பார்லரில் உடைந்த ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டி, அப்படியே ஒவ்வொரு கதவாகத் தள்ளிக்கொண்டு வந்தவன். எனக்குத் தெரிந்ததில் பாதி, கூட வேலை செய்தவர்கள் போகிறபோக்கில் சொன்னதுதான். வேறு சிலர் ஸ்டாம்பு சேர்ப்பார்கள். நான் மனிதர்கள் சொல்வதைச் சேர்ப்பேன்.

நம் வேலை என்னவென்று வெளியில் கேட்டால், நாள் முழுக்க கேம் ஆடுவது என்பார்கள். என் மாமியார் கடைசிவரை அப்படித்தான் நம்பினார். மாப்பிள்ளைக்குச் சீக்கிரம் ஒரு வேலை கிடைக்க வேண்டும் என்று மல்லேஸ்வரம் கோயிலில் வேண்டிக்கொண்டும் இருந்தார். அப்போது எனக்குக் கீழே ஒரு டீமே வேலை செய்துகொண்டிருந்தது.

விண்வெளி கேமில் கப்பல் பறக்கிற விதத்தைச் சோதிக்கும் வேலை எங்களுக்கு வந்தபோதுதான், இந்தத் தொழிலின் உண்மையான கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஒரு கதவு திறக்கவில்லை என்றால் ‘கதவு திறக்கவில்லை’ என்று எழுதிவிடலாம். கப்பல் திரும்புகிறது, ஆனால் ஏதோ சரியில்லை என்றால் என்னவென்று எழுதுவது? எங்கள் பசங்கள் எழுதியதைக் கேளுங்கள். ‘திரும்புது, ஆனா மனசில்லாம திரும்புது.’ ‘மாமனார் வீட்டு சோபாவில உக்காந்த மாதிரி இருக்கு.’ ‘ஈர டவலைச் சுத்துற மாதிரி இருக்கு.’ தினகர் என்று ஒரு கிருஷ்ணகிரிப் பையன், எங்களில் கெட்டிக்காரன், ஒருநாள் எழுதினான்: ‘பின்னாடி யாரோ உக்காந்திருக்காங்க.’

அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் என்று கேட்டுப் பதில் வந்தது. எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒருவர் பொறுப்பாகத் தோண்டிப் பார்த்தபோது, சரக்கை இறக்கிய பிறகும் அதன் எடை கப்பலிலேயே தங்கியிருந்தது தெரிந்தது. பைக்கில் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்தால் வண்டி எப்படி இழுக்கும் என்று தினகருக்குத் தெரியும். அவன் கண்டுபிடித்தது அதைத்தான். ஆகவே, ஒருவர் சொன்ன சொல்லைத் துவைத்து இஸ்திரி போட்டு அனுப்பாதீர்கள். கசங்கலில்தான் விஷயம் இருக்கும்.

இனி பிரேக் கதைக்கு வருகிறேன்.

அந்த கேமில் கப்பலை ஓட்ட இரண்டு மோட். ஒன்று உதவி மோட். கையை எடுத்தால் கப்பல் தானாக நின்றுவிடும். நல்ல பிள்ளை. இன்னொன்று சுதந்திர மோட். அதில் விண்வெளி விண்வெளியாகவே இருக்கும். ஒருமுறை தள்ளிவிட்டால் கப்பல் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் கையை எடுத்தாலும் சரி, கும்பிட்டாலும் சரி. பிரேக் என்று ஒன்று கிடையாது. நிறுத்த வேண்டுமானால் கப்பலை முழுசாகத் திருப்பி, போகிற திசைக்கு வாலைக் காட்டி, எஞ்சினை எரியவிட வேண்டும். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, விண்வெளி நிலையத்தின் வாசலில் வந்து நிற்கும். நிற்க வேண்டும்.

இந்த மோடை உருவாக்கியவள் சௌம்யா. தாவணகெரெ பெண். எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியின் ஆள்தான். அந்தக் கம்பெனியில் பலருக்கு இந்த மோடே பிடிக்கவில்லை. ‘யார் இவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டுவார்கள்’ என்றார்கள். புதிதாக விளையாட வருகிறவரால் இதில் கப்பலை நிறுத்த முடியும் என்று காட்டினால் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். மோட் போனால் அவளும் போக வேண்டியதுதான். அவளை எடுத்திருந்ததே இந்த ஒரு வேலைக்காகத்தான்.

எங்கள் ஆட்களால் நிறுத்தவே முடியவில்லை. கப்பல் நிலையத்தை நோக்கி வரும், திரும்பும், எஞ்சின் எரியும், அப்புறம் நிலையத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். தினகர் ஒவ்வொரு தடவையும் நிலையத்தைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போவான். மேலே சௌம்யா, கீழே காணாமல் போகும் கப்பல்கள் என்று நாட்கள் ஓடின.

அப்போதுதான் கலாவதி மேடம் எங்கள் பக்கம் வந்தார். அவர் அட்மின். கட்டடம், ஏசி, கார்ப்பெட், ஊழியர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து கொண்டுபோய் விடும் கேப், எல்லாம் அவர் பொறுப்பு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் கேட்டார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டீம்ல எல்லாருக்கும் வலது கால்ல ஏதாவது நோயா?”

குனிந்து காட்டினார். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும், வலது கால் கட்டைவிரல் படுகிற அதே இடத்தில், கார்ப்பெட் கிழிந்து சிமெண்ட் தெரிந்தது. வேறு எந்த டீமிலும் அப்படி இல்லை. நின்று கவனித்தேன். பசங்கள் ஓட்டியது விண்கலம். மிதித்தது பைக் பிரேக். தினமும் டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசலைத் தாண்டி வருகிற கால்கள் அவை. எதிரில் ஒன்று பெரிதாகி வந்தால், அது நிலையமாக இருந்தாலும் தண்ணீர் லாரியாக இருந்தாலும், கால் தன் கடமையைச் செய்தது. கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களின் கார்ப்பெட் மட்டும் நன்றாக இருந்தது. அவர்கள் இடது கை விரல்களால் காற்றைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

விண்வெளியில் பிரேக் கிடையாது, காலை அசைக்காதீர்கள் என்று டீமுக்கு எடுத்துச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டியது தலை, கால் கேட்கவில்லை. மேடம் ரப்பர் பாய் போட்டுப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு அடுத்தவர் மேசைக்குப் போனது. கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். “காலு சும்மா இருக்க மாட்டேங்குது. சரி, அதுக்கும் ஒரு வேலையக் குடுத்துருவோம்.” சிவாஜி நகரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடையிலிருந்து பிரேக் பெடல்களை வாங்கிவந்து, ஸ்பிரிங்கோடு பலகையில் பொருத்தி, எல்லா மேசைக்கு அடியிலும் வைத்துவிட்டார். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்களும் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவருக்குக் கவலை கார்ப்பெட்டைப் பற்றி. கார்ப்பெட் பிழைத்தது.

கூடவே கப்பல்களும் நிற்க ஆரம்பித்தன.

முதலில் தினகருடையது. நிலையத்தின் வாசலில் போய், படியில் செருப்பை விட்டதுபோல அமைதியாக நின்றது. அவனே நம்பவில்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் நின்றது. பயிற்சிதான் காரணம் என்று நினைத்தேன். மோட் பாஸ் என்று எழுதி அனுப்பினேன். சௌம்யா ஒரு டப்பா தார்வாட் பேடாவோடு கீழே வந்தாள். “கொனெகூ அர்த்த ஆய்து நிமகெ,” என்று ஒவ்வொருவர் கையிலும் ஒன்று வைத்தாள். கடைசியில் உங்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு தினகரின் பெடலில் ஸ்பிரிங் உடைந்து, மேடம் அதை ரிப்பேருக்கு எடுத்துப்போனார். அன்று அவன் கப்பல் நிலையத்தைத் தாண்டி, கோளைத் தாண்டி, சூரியனுக்குள் போய் விழுந்தது. பக்கத்து மேசைப் பெடலைக் கடன் வாங்கி வைத்தான். நின்றது. எடுத்தான். சூரியன். எல்லாரும் தங்கள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அந்தப் பெடல்களுக்குக் கிடைத்த மரியாதையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்தவர் பெடலை யாரும் மிதிப்பதில்லை. எண்ணெய் போட்டார்கள். ஆயுத பூஜைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். நானும் ஒன்று நசுக்கினேன். ஆனால் இதை ரிப்போர்ட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மேல்மாடிக்குச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. பேடா சாப்பிட்ட வாய்.

அதே சமயம் கடல் தாண்டி அவர்களுடைய டெஸ்டர்கள் ஒருவராலும் கப்பலை நிறுத்த முடியவில்லை. தலைமை வடிவமைப்பாளராலேயே முடியவில்லை. பெரிய மீசை வைத்தவர், அதனால் எங்களுக்கு அவர் மீசைக்காரர். உங்களிடம் இருக்கும் கேமும் எங்களிடம் இருப்பதும் ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றுதான். அப்படியென்றால் வீடியோ அழைப்பில் நானே பார்த்துவிடுகிறேன், நீங்கள் நிறுத்துவது எப்படி என்று எனக்கு விளங்கினால் மோட் இருக்கும், விளங்காவிட்டால் அந்த அழைப்போடு முடிந்தது என்றார்.

அன்று காலை எங்கள் அறையில் ஒரே குழப்பம். பெடல் இருப்பதைக் காட்டினால் மானம் போகும். எடுத்துவிட்டால் கப்பல் போகும். கேமராவை முகத்துக்கு நேராகத் தூக்கி வைத்துவிடலாம் என்றான் தினகர். தூக்கி வைத்தோம். அவன் பெடல் வேறு ஆடிக்கொண்டிருந்ததால், மேடம் ஸ்க்ரூவை முடுக்க மேசைக்கு அடியில் புகுந்தார். அதற்குள் மீசைக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்பே திரையில் வந்துவிட்டார். வணக்கம் சொல்லாமல் மேசைக்கு அடியிலிருந்து முளைப்பது அழகில்லை என்று மேடம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சௌம்யா என் பக்கத்தில். இதெல்லாம் எதுவும் தெரியாமல், நிமிர்ந்து, கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தாள்.

தினகர் ஓட்டினான். கப்பல் வந்தது, திரும்பியது, எஞ்சின் எரிந்தது, வாசலில் நின்றது. மீசைக்காரர் இன்னொரு முறை என்றார். நின்றது. இன்னொரு முறை. நின்றது. அவர் முன்னால் குனிந்து, ஒரு சத்தம் கேட்கிறதே என்றார். ஒவ்வொரு தடவையும், கப்பல் நிற்பதற்கு முன்னால் கிரீச் என்று ஒரு சத்தம். என்ன அது?

எண்ணெய் தீர்ந்திருந்தது.

‘நாற்காலி’ என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நல்ல சொல். யாரும் மறுக்க முடியாது. தினகர் என்னைப் பார்த்தான். சௌம்யாவும் தினகரின் காலைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தாள். கீழேயிருந்து மேடம் புருவத்தைத் தூக்கி, என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டார்.

இந்த வேலையில் உங்களுக்கும் இப்படி ஒரு இடம் வரும். எல்லாம் பாஸ் ஆகியிருக்கும், ஒரு சின்னக் கிரீச் மட்டும் மிஞ்சும். நாற்காலி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு மோட் பிழைத்திருக்கலாம். ஆனால் கேம் வெளியே போயிருக்கும். ஊர் உலகத்தில் யாராலும் நிறுத்த முடியாத கப்பலை நிறுத்த முடியும் என்று நாம் எழுதிக் கொடுத்ததாக ஆகியிருக்கும். திட்டெல்லாம் சௌம்யாவின் தலையில் விழுந்திருக்கும். கப்பல் எப்படிப் பறந்தது என்பது மட்டும் ரிப்போர்ட் இல்லை. பறக்கவைத்தவரின் கால் எங்கே இருந்தது என்பதும் ரிப்போர்ட்தான்.

“மேடம், மேல வாங்க,” என்றேன்.

அவர் எழுந்தார், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார், பெடல் எதற்கும் இணைக்கப்படவில்லை என்று நான் முதலில் எழுதியதைச் சொன்னார். நான் என்ன செய்வது என்று கேட்டு முடித்தார். சௌம்யா மெதுவாகக் குனிந்து தினகரின் காலடியைப் பார்த்தாள். குங்குமப் பொட்டு வைத்த பிரேக் பெடல். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. கையில் இருந்த பேனாவுக்கு மூடியை மாட்டிப் பையில் போட்டாள்.

மீசைக்காரர் பெருமூச்சு விட்டார். ஆக, உங்கள் ஆட்களாலும் முடியவில்லை, அப்படியென்றால் இதில் பேசுவதற்கு வேறொன்றும் இல்லை என்று ஆரம்பித்தார்.

கலாவதி மேடம் என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டார்.

“ஒரு நிமிஷம் சார். உங்க காலு கிட்ட இன்னா இருக்கு?”

மீசைக்காரர் குனிந்து பார்த்தார். வீட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்தார் போலும். “நாய்,” என்றார்.

“நாய் வேணாம், தூங்கட்டும். வேற?”

கொஞ்ச நேரம் திரையில் வெறும் நாற்காலி. திரும்பி வந்தபோது அவர் கையில் துணியில் தைத்த ஒரு யானை. மகளுடையதாம்.

“அது போதும். வலது காலுக்குக் கீழ வைங்க. கப்பல எடுங்க. இப்ப எங்க இருக்கீங்க? லெஃப்ட்ல இன்னா தெரியுது?”

ஒரு பெரிய கோள் தெரிகிறது என்றார் அவர்.

“அத விடுங்க, அது எல்லாருக்கும் தெரியும். ஸ்டேஷன் தெரியுதா?”

தெரிந்தது. அவருடைய திரையை எங்களுக்கும் காட்டினார். ஆளை வீட்டில் டிராப் செய்யப் போகும் வழியில் ஹெப்பால் மேம்பாலத்தில் மாட்டிக்கொண்ட கேப் டிரைவரிடம் பேசுகிற அதே குரலில் மேடம் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் கப்பலை எப்போது திருப்ப வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சட்டென்று சௌம்யா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டு, தூரத்தைப் பார்த்து, காதோரம் கிசுகிசுத்தாள். “ஈக திருகிசி.”

“சார், இப்ப திரும்புங்க. ஃபுல் யூ டர்ன். திரும்பிட்டீங்களா? எஞ்சின் போடுங்க.”

இப்போது நிலையம் எனக்குத் தெரியவில்லை என்றார் மீசைக்காரர். குரல் உயர்ந்தது. எல்லாரும் தவறவிடுகிற இடம் அதுதான். முதுகுக்குப் பின்னால் நிலையம் வந்துகொண்டிருக்கும், செய்வதற்கு ஒன்றும் இருக்காது, கை சும்மா இருக்காமல் எதையாவது தொட்டுக் கெடுக்கும். அவர் கையும் அசைய ஆரம்பித்தது.

“பார்க்காதீங்க. கைய எடுங்க. யானைய மிதிங்க.”

“இதை மிதித்தால் ஒன்றும் ஆகாதே.”

“தெரியும் சார். மிதிங்க.”

மிதித்தார். யானைக்குள் ஏதோ பொம்மை எந்திரம் இருந்திருக்கிறது. அது குழந்தையைத் தூங்கவைக்கிற ஒரு மெட்டை வாசிக்க ஆரம்பித்தது. யாரும் சிரிக்கவில்லை. வேகம் குறைந்துகொண்டே வந்தது. யானை வாசித்துக்கொண்டே இருந்தது.

“பிடபேடி, பிடபேடி,” என்றாள் சௌம்யா. அவளுடைய வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

“விடாதீங்க சார். மிதிச்சிட்டே இருங்க. லைன்லயே இருங்க.”

“நில்லிசி.”

“எஞ்சின் ஆஃப்.”

கப்பல் நிலையத்தின் வாசலில் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. மீசைக்காரர் காலை எடுக்கவில்லை போல, மெட்டு நிற்கவில்லை. பிறகு, மோட் இருக்கட்டும் என்றார். சௌம்யா, நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம், காத்திருக்கிற அந்த நேரத்துக்கு மட்டும் மனிதனுக்கு ஏதாவது வேலை கொடுங்கள், எதற்கும் இணைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். சௌம்யா தலையை ஆட்டினாள். மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனால் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நாம் எப்படி ஒரு யானையை… என்று தொடங்கினார்.

“சார், டிராப் ஆயிடுச்சில்ல?” என்று கேட்டார் கலாவதி மேடம்.

ஆகிவிட்டது என்றார் அவர்.

“சரி,” என்று சொல்லி, மேடம் அழைப்பைத் துண்டித்தார்.